ஆர்மி மார்க்கெட்ல வாங்குன வேட்டை உடுப்பு: நம்ம மழைக்கும் புழுக்கத்துக்கும் எது தாங்குது

நம்ம சிங்கப்பூர்ல வேட்டையும் கிடையாது துப்பாக்கியும் கிடையாது, காட்டுப்பன்னி மேல கை வச்சாலே கேஸ்தான். ஆனா விடியக்காலையில சுங்கை பூலோ, உபின், மண்டாய் பக்கம் கேமராவ தூக்கிட்டுப் போய் மணிக்கணக்கா பறவைக்காக உக்கார்றவங்களுக்கு வேட்டைக்காரங்களுக்குனு தைச்ச உடுப்பு மாதிரி ஒத்துவர்றது வேற எதுவும் இல்ல. கைய அசைச்சா சத்தம் வரக்கூடாது, ரோத்தான் (பிரம்பு) முள்ளு மாட்டுனா கிழியக்கூடாது, ஈரத்துல முட்டி போட்டு உக்காந்தா தேயக்கூடாது, லென்ஸ் மூடியும் பேட்டரியும் வைக்க பாக்கெட் வேணும், இதெல்லாம் யோசிச்சுத் தைக்கிறது வேட்டை உடுப்புலதான். ரொம்ப பேரு கேட்டுட்டே இருக்கீங்க எங்க வாங்குறது எவ்வளவு ஆகும்னு, அதான் நான் போடுறத வச்சு எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இத மனசுல வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். வெளிநாட்டு ரிவியூ எல்லாம் பாத்தீங்கன்னா ஜாக்கெட் எத்தன வருஷம் உழைக்கும்னு பேசும்போது கல்லுல உரசுறது, முள்வேலில மாட்டுறது, இதத்தான் பேசுவாங்க. நம்ம ஊர்ல துணி காட்டுல சாகுறது ரொம்ப கம்மி, அலமாரியிலதான் சாகுது. வருஷம் முழுக்க ஈரப்பதம் சராசரி 80 சதவீதத்துக்கு மேல, இந்தக் காத்துல சும்மா மாட்டி வச்சாலே சில சரக்கு அழுகிடும். அதனால வாங்கும்போது பிராண்டையும் விலையையும் பாக்குறதுக்கு முன்னாடி உள்பக்கத்துல என்ன பூசியிருக்குனு பாருங்க.

மழை தடுக்குற ஜாக்கெட் நிறையவற்றுல உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும், கடைக்காரங்க பியூ கோட்டிங்னு சொல்லுவாங்க. விலை கம்மி, இலேசா இருக்கும், புதுசுல நல்லாவே தண்ணிய தடுக்கும். ஆனா அந்தப் பூச்சு காத்துல உள்ள ஈரத்தையே உறிஞ்சி உறிஞ்சி கொஞ்சம் கொஞ்சமா உடையும், மொதல்ல பிசுபிசுன்னு ஒட்டும், அப்புறம் ஒரு புளிச்ச வாடை வரும், கடைசில வெள்ளையா செதில் செதிலா உதிரும். எங்கிட்ட ஒரு பேரு போன கம்பெனி ஜாக்கெட் இருந்துச்சு, பேரு வேணாம், 300 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல குடுத்தது, கிழிசல் ஒண்ணு கிடையாது ஆனா கைய உள்ள விட்டா முழங்கை வரைக்கும் பொடி ஒட்டுது, தையல் மேல ஒட்டியிருந்த டேப்பு அப்படியே நாடா மாதிரி உரிஞ்சு தொங்குது, கம்பெனிகிட்ட கேட்டா இது சாதாரண தேய்மானம்னு சொல்லி கைய விரிச்சிட்டாங்க. ரொம்ப வருத்தமா இருந்துச்சு, ஏன்னா அந்தக் காசுல ஒரு குடும்பமே காட்டுக்குப் போற அளவுக்கு உடுப்பு எடுத்துடலாம்.

பூட்ஸும் இதே கதைதான். அடிப்பாகத்துல பியூ நுரை வச்ச பூட்ஸ போடாம டப்பாவுல பத்திரமா வச்சிருந்தா கூட சில வருஷத்துல அப்பளமா நொறுங்கிடும். பாதி வழியில சோல் பிரிஞ்சு கயித்தால கட்டிட்டு நடந்து வர்றவங்கள மெக்ரிட்சி பக்கம் அடிக்கடி பாக்கலாம், அவங்க எல்லாருமே நல்ல காசு குடுத்து வாங்குனவங்கதான். கடைக்காரர்கிட்ட சோல் என்ன மெட்டீரியல்னு கேளுங்க, ரப்பரோ ஈவிஏ நுரையோ ஓக்கே, நடு அடுக்கு (மிட்சோல்) பியூன்னா நம்ம ஊருக்கு வேணாம்.

சரி கடைக்கு வருவோம். பீச் ரோடு கோல்டன் மைல் உணவு நிலையம், கீழ சாப்பாட்டுக் கடை மேல ஆர்மி மார்க்கெட், தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவ சேவை) போற பசங்க எல்லாம் கடைசி நேரத்துல ஓடி வர்ற இடம். நிக்கல் ஹைவே எம்ஆர்டிலேர்ந்து நடக்குற தூரம்தான். வேட்டைக் கடைனு எங்கயும் போர்டு இருக்காது, ஆனா ரிப்ஸ்டாப் பேண்ட், ஃபீல்டு ஷர்ட், பான்ச்சோ (தலைவழியா மாட்டுற மழைப் போர்வை), லீச் சாக்ஸ், பூட்ஸ், எல்லாம் கொட்டிக் கிடக்கும். நான் வழக்கமா எடுக்குற கடையில ஒரு சீன ஆன்ட்டி, என்னத்துக்கு வேணும்னு கேட்டுட்டுதான் சரக்கையே எடுப்பாங்க, பறவை பாக்கன்னு சொன்னேன், கையில எடுத்த பேண்ட கீழ வச்சிட்டு வேற ஒண்ணு எடுத்து என் காதுகிட்ட கொண்டாந்து ரெண்டு கையால கசக்கிக் காட்டுனாங்க. மொதல் பேண்ட் நைலான், கசக்குனா சிப்ஸ் பாக்கெட் சத்தம். ரெண்டாவது பாலியஸ்டரும் காட்டனும் கலந்தது, 65க்கு 35, சத்தமே இல்ல. வேட்டைக்காரங்க துணிய வாங்குறப்ப செய்யுற சோதனை இதேதான், எந்தக் கடைக்குப் போனாலும் நீங்களும் செய்யுங்க.

அந்த 65க்கு 35 ரிப்ஸ்டாப் பேண்ட் 28 வெள்ளிக்கு எடுத்தேன், இன்னிக்கு வரைக்கும் அதான் எனக்கு ராஜா. ரிப்ஸ்டாப்னா வேற ஒண்ணுமில்ல, வெளிச்சத்துல பாத்தா சின்னச் சின்ன கட்டம் தெரியும், அந்தக் கட்டத்துல தடிச்ச நூல் ஓடும், முள்ளு குத்தி ஓட்டை விழுந்தாலும் அந்த நூல்கிட்ட வந்து கிழிசல் நின்னுடும். பூச்சு எதுவும் இல்லாததால உரியறதுக்கு ஒண்ணும் கிடையாது. நெசவு இறுக்கமா இருக்குறதால கொசு ஊசி சுலபமா உள்ள இறங்காது, ஸ்ட்ரெச் பேண்ட் போட்டுட்டு மண்டாய் பக்கம் உக்காந்தவங்களுக்கு இதோட அருமை தெரியும். மழையில நனையும், நல்லாவே நனையும், ஆனா வீட்டுக்கு வந்து அலசி ஃபேன் அடியில போட்டா மறுநாள் காலையில காஞ்சிருக்கும். முழு காட்டன்ல இது நடக்காது, டிசம்பர் மாசத்துல ஜீன்ஸ மூங்கில் கம்புல போட்டுப் பாருங்க, ரெண்டு நாள் கழிச்சும் இடுப்புப் பட்டி ஈரமா இருக்கும், பூஞ்சை வாடை அடிக்கும்.

நனையாம இருக்கவே முடியாதான்னு கேட்டா, நம்ம ஊர்ல முடியாதுங்க. 10,000 மி.மீ., 20,000 மி.மீ.னு லேபிள்ல போட்டிருப்பாங்க, அது அந்தத் துணி மேல அவ்வளவு உசரத்துக்குத் தண்ணி நின்னா கூட கசியாதுங்கற கணக்கு, அதெல்லாம் உண்மைதான். ஆனா கோர்-டெக்ஸ் மாதிரி மூச்சு விடுற துணி எல்லாம் உள்ள இருக்குற வேர்வை ஆவி வெளிய போறத நம்பித்தான் வேலை செய்யுது, வெளிய காத்து காஞ்சு குளிர்ந்து இருந்தாத்தான் ஆவி அந்தப் பக்கம் போகும். இங்க மழை பெய்யும்போது வெளியவும் 25 டிகிரி, ஈரப்பதம் 90க்கு மேல, ஆவி எங்க போகும்? உள்ளயே நின்னு தண்ணியாகும். மழையில நனையலன்னாலும் வேர்வையில நனைஞ்சுருவோம். அதனால ஜாக்கெட்டுக்குப் பதிலா ரெண்டு பக்கமும் திறந்த பான்ச்சோ எடுங்க, காத்து கீழேர்ந்து மேல ஏறும், பையும் கேமராவும் அதுக்குள்ளயே அடங்கும், தரையில விரிச்சும் உக்காரலாம். எடுக்கும்போது உள்பக்கத்த நகத்தால சுரண்டிப் பாருங்க, பிசுபிசுத்தா வச்சிட்டு வந்துடுங்க, அது பழைய ஸ்டாக். சிலிக்கோன் பூசுன நைலான் கிடைச்சா கொஞ்சம் காசு கூடன்னாலும் யோசிக்காதீங்க, அதுக்கு இந்த ஈரம் ஒண்ணும் செய்யாது. ஆனா பான்ச்சோ எல்லாமே சத்தம் போடும், அத மட்டும் ஒத்துக்கணும். மழை விட்ட உடனே கழட்டிடுங்க, மழை விட்ட கையோடதான் பறவை வெளிய வரும்.

சுமத்ரா ஸ்குவால்ங்கற திடீர் காத்துமழை பத்தியும் சொல்லணும். ஏப்ரல்லேர்ந்து நவம்பர் வரைக்கும் விடியக்காலையிலேர்ந்து மத்தியானத்துக்குள்ள மேற்கேர்ந்து திடீர்னு வரும், நாம வெளிய நிக்கிற நேரமேதான். மணிக்கு 80 கிலோமீட்டர் வரைக்கும் காத்து அடிக்கும், பான்ச்சோ பாய்மரம் மாதிரி தூக்கும், அதனால இடுப்புல கட்ட ஒரு எலாஸ்டிக் கயிறு கூடவே வச்சுக்கங்க. அதுக்கு மேல இடி மின்னல்னா எந்த உடுப்பும் காப்பாத்தாது, கொட்டாய பாத்து ஓடிடுங்க.

கலர். கேமோ, அதான் ராணுவப் புள்ளி டிசைன், வேணுமான்னு எல்லாரும் கேக்குறாங்க, எனக்கு வேணாம்னுதான் தோணுது. இங்க கேமோ போட்டா ஆர்மிக்காரங்கன்னு நினைச்சுப் பாப்பாங்க, சில வெளிநாடுகள்ல பொதுமக்கள் கேமோ போடுறதே சட்டப்படி தப்பு, பார்படோஸ், ஜமைக்கா எல்லாம் அப்படித்தான். வெறும் பாசிப்பச்சையோ மண் கலரோ போதும், அசையாம உக்கார்றதுதான் முக்கியம். ஆனா சோப்புல கவனமா இருங்க. துணிய பளிச்சுன்னு காட்டுறதுக்கு நிறைய சலவைத் தூள்ல பிரைட்டனர்னு ஒரு ரசாயனம் சேப்பாங்க, அது புற ஊதா ஒளிய வாங்கி நீலமா திருப்பி விடும், பறவைங்க கண்ணு அந்தப் பக்கத்து ஒளியில நம்மள விட ரொம்ப கூர்மை. பிரைட்டனர் இல்லாத சோப்பு போடுங்க, சாஃப்டனர் வேணவே வேணாம், தண்ணி ஓட்டுற பூச்சு இருக்குற துணியில சாஃப்டனர் விழுந்தா தண்ணி உருண்டு ஓடாம அப்படியே ஊறும்.

காலுக்கு என்ன போடுறதுன்னா, தயங்காம சொல்லுவேன், கம்போங் அடிடாஸ். மலேசியாவுல ரப்பர் மரம் சீவுறவங்க போடுற அந்தக் கருப்பு ரப்பர் ஷூ, அடியில கட்டை கட்டையா பல்லு. முழுக்க ஒரே ரப்பர், ஒட்டு கிடையாது, பிரியறதுக்கு எதுவும் இல்ல, தண்ணி உள்ள போனா கவுத்தா போச்சு. கோத்தா திங்கில சாமான் கடையில போற போக்குல வாங்கிடலாம், நம்ம காசுக்கு ஒரு வேளை சாப்பாட்டு விலை. பாதத்துக்கு மெத்துனு எதுவும் இல்ல அதனால தடிச்ச சாக்ஸ் வேணும், தார் ரோட்டுல நடக்க லாயக்கில்ல, ஆனா சேத்துலயும் வழுக்குற வேர்லயும் 200 வெள்ளி பூட்ஸ் தடுமாறுற எடத்துல இது நிக்கும். ஜொகூர் பந்தி காட்டுக்குப் போறவங்க இதோட லீச் சாக்ஸும் போட்டுக்கங்க, முழங்கால் வரைக்கும் வர்ற இறுக்கமான துணி சாக்ஸ், அட்டை மேல ஏறுறது வெள்ளையில நல்லா தெரியும்.

டெக்கத்லான் பத்தி கேட்டவங்களுக்கு, அவங்களோட வேட்டை பிராண்டு பேரு சோலொன்யாக், எல்லா கிளையிலயும் எப்பவும் இருக்காது ஆன்லைன்ல பாத்துட்டுப் போங்க. அதுல பேண்ட்டும் தொப்பியும் விலைக்கு ரொம்ப நியாயம், சில பேண்ட்ல முட்டியில டபுள் துணி வச்சிருப்பாங்க.

இது எல்லாம் நம்ம சூட்டுக்கு. நிஜமாவே நியூசிலாந்துக்கு மான் வேட்டைக்குப் போறவங்க இத அப்படியே எடுத்துட்டுப் போயிடாதீங்க, இங்க எதெல்லாம் நல்லதுன்னு சொன்னேனோ அது அங்க ஆபத்து. மார்ச் கடைசியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் அங்க ஆண்மான் கத்துற சீசன், தென்தீவோட மேற்குப் பக்கம் மழை பேய் மழை, மில்ஃபர்ட் சவுண்ட்ல வருஷத்துக்கு 6 மீட்டருக்கு மேல. அந்தக் குளிர்ல நனைஞ்ச துணி உசிர வாங்கிடும், அங்கதான் தையல் டேப்பு போட்ட நல்ல ஜாக்கெட் தேவை, உள்ள மெரினோ கம்பளி, நடுவுல ஃப்ளீஸ் (மெத்துனு இருக்குற செயற்கைத் துணி). கம்பளி ஈரமானாலும் சூடு குடுக்கும், ஃப்ளீஸ் உரசுனா சத்தம் வராது. தலையில ஆரஞ்சு தொப்பி கட்டாயம் போடுங்க, மானுக்கு அந்தக் கலர் சரியா தெரியாது, பக்கத்துல துப்பாக்கியோட நிக்கிற ஆளுக்கு நல்லா தெரியும். ஜாக்கெட்ட ஒரு தடவைக்காக வாங்குறதுன்னா யார்கிட்டயாவது இரவல் கேளுங்க, திரும்பி வந்து இங்க அலமாரியில தொங்குனா என்ன ஆகும்னு மேலயே சொல்லிட்டேன். போட்டுப் பழகுன பூட்ஸ் எடுத்துட்டுப் போனா மண்ணு ஒரு பொட்டு இல்லாம கழுவி, நாட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி பயணிகள் அறிவிப்புப் படிவத்துல அத எழுதிடுங்க, சொல்லாம விட்டா அந்த இடத்துலயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

கடைசியா சைஸ். ஆர்மி மார்க்கெட் சரக்கு பெரும்பாலும் சின்ன சைஸா வரும், ஒரு சைஸ் கூட எடுங்க, போட்டுப் பாத்துட்டு கடையிலயே குந்தி எழுந்திரிங்க, தொடையில இழுத்துப் பிடிச்சா காட்டுல கிழியும். அங்கயே பேரு தைச்சுக் குடுக்குற தையல் கடைங்க இருக்கு, முட்டிக்கும் உக்கார்ற எடத்துக்கும் உள்பக்கமா இன்னொரு துணி வச்சுத் தைக்கச் சொல்லுங்க, எனக்கு 10 வெள்ளி வாங்குனாங்க. கூட்டம் இருந்தா கொஞ்ச நேரம் ஆகும், பேண்ட குடுத்துட்டுக் கீழ போய் தூலாங் (ஆட்டெலும்புக் குழம்பு) சாப்பிட்டு வந்தா ரெடியா இருக்கும்.