கல்வெட்டு அடிக்கக் கொடுக்க முதல்: யாழ்ப்பாண அச்சகங்களின் நினைவு மலர் சேவை

எட்டுச் செலவு (இறந்த எட்டாம் நாள் சடங்கு) முடியிறதுக்குள்ளேயே யாராவது கேட்டுவிடுவார்கள்: "கல்வெட்டு எங்கை அடிக்கக் குடுக்கிறியள்?" கீரிமலையில் 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம், மதிய போசனம் என்று ஒழுங்கு செய்கிற வரிசையில், கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவு மலரும் ஒன்று. யாழ்ப்பாணத்து அச்சகங்கள் பல இதை முழுச் சேவையாகவே தருகின்றன. ஒரு படமும் பெயர் விபரமும் கொடுத்தால், இறந்த ஆண்டையும் திதியையும் சொல்லும் திதி வெண்பா முதல் நன்றி நவிலல் வரை அவர்களே எழுதி, அடித்து, கட்டி, 31ஆம் நாளுக்கு முதல்நாள் பெட்டியில் தந்துவிடுவார்கள்.

அச்சுவேலையை நம்பிக் கொடுக்கலாம். எழுத்துவேலையைக் கொடுக்கக் கூடாது. 90 வயது வரை இருந்து பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்துவிட்ட ஒரு அம்மாவின் கல்வெட்டில் மிகக் குறைவாக இருப்பது அந்த அம்மாதான்.

காரணம் அச்சகத்தின் கணினியில் இருக்கும் மாதிரிப் பிரதி. "நீர்வளமும் நிலவளமும் நிறைந்த" என்று ஊரில் தொடங்கும். அடுத்து தகப்பன் பெயர், கணவனின் உத்தியோகம், மகன்மாரின் பட்டங்கள், மருமக்கள் இருக்கும் நாடுகள். கடைசியில் "இல்லறம் நல்லறமாக" நடந்து, "விருந்தோம்பலில் சிறந்து" அவர் சிவபதம் அடைவார். ஊர்ப் பெயரை மாற்றினால் இந்த இரண்டு பக்கமும் யாருக்கும் பொருந்தும்.

ஆகவே வாழ்க்கை வரலாற்றை வீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். ஏ5 அளவில் 11 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 170 முதல் 200 சொல் பிடிக்கும். மூன்று பக்கத்துக்கு 550 சொல் போதும். கேட்டு எழுத வேண்டியவை சின்ன விஷயங்கள். எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் வகுப்போடு நின்றார், ஏன் நின்றார்? கூழுக்கு ஒடியல் மா எவ்வளவு, புளி எவ்வளவு? வீட்டில் எந்த மரம் அவர் வைத்தது? 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது கையில் எதை எடுத்தார்? எந்தப் பேரப்பிள்ளையை யார் வேலைக்குப் போக யார் வீட்டில் வைத்து வளர்த்தார்? சகோதரியோ அயல்வீட்டுக்காரரோ உயிரோடு இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு அம்மாவின் கலியாணத்துக்கு முந்திய 20 வருடம் தெரியாது.

பிறந்த திகதியிலும் ஒரு இடறல். சாதகத்தில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று இருக்கும். பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 34563 என்று தொடங்கினால் 1934இன் 63ஆவது நாள், அதாவது மார்ச் 3. இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். சாதகமும் அட்டையும் ஒத்துவராவிட்டால் சாதகத்துத் திகதியைப் போடுங்கள். நட்சத்திரமும் அதோடுதான் பொருந்தும்.

திதி வெண்பாதான் சேவையின் பலவீனமான பாகம். நல்ல புலவர் ஒருவரிடம் எழுதுவிக்கும் அச்சகங்களும் உண்டு. மற்றவர்கள் போன கல்வெட்டின் வெண்பாவில் பெயரையும் திதியையும் மாற்றுவார்கள். பெயர் மாறத் தளை (சீர்களுக்கு இடையிலான ஓசைக் கட்டு) தட்டும், அதைக்கூடப் பொறுக்கலாம். ஆண்டுப் பெயர் பிழைத்தால் பொறுக்க முடியாது. தமிழ் ஆண்டு சித்திரையில்தான் பிறக்கிறது. 2025 பெப்ரவரியில் இறந்தவருக்குக் குரோதி, அதே ஆண்டு மே மாதம் இறந்தவருக்கு விசுவாவசு. தை, மாசி, பங்குனியில் நடந்த இறப்புகளுக்கு அடுத்த ஆண்டின் பெயர் விழுந்திருப்பது அடிக்கடி காணும் பிழை. பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை) என்பதையும் நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள். ஆட்டைத் திவசத்துக்கு (ஆண்டு முடிவில் செய்யும் கிரியை) நாள் பார்க்கும்போது பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பது இந்த நாலு வரியைத்தான்.

வெளிநாட்டில் இறந்தவர் என்றால் இன்னும் கவனம். ரொறன்ரோவில் யூலை மாதம் இரவு 8.30 என்றால் இலங்கையில் மறுநாள் காலை 6.00. இங்கே அச்சிட்ட பஞ்சாங்கத்தில் பார்க்கும்போது நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றித்தான் திதி பார்க்க வேண்டும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் மணிக்கணக்கில் வேறுபடும். எந்தப் பஞ்சாங்கம் என்று கிரியை செய்யும் ஐயரிடம் கேட்டு, திதியை அவர் எழுதித் தந்த துண்டோடு அச்சகத்துக்குப் போவது நல்லது. வெண்பா வடிவாக இருக்கிறதோ என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை: முதல் மூன்று அடியிலும் நாலு சீர், கடைசி அடியில் மூன்று சீர். அதிலேயே பிழைத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

உறவுமுறைப் பகுதியில் ஒரு சொல் எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு "காலஞ்சென்ற" போதும். "காலஞ்சென்ற இன்னார், இன்னார் ஆகியோரின் சகோதரியும்" என்று எழுதினால் இரண்டாமவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா? வாசிப்பவர் தன் விருப்பத்துக்கு விளங்கிக்கொள்வார். எல்லோரும் இறந்தவர்கள் என்றால் "காலஞ்சென்றவர்களான" என்று தொடங்குங்கள். உயிரோடு இருப்பவரின் பெயரை முதலில் போட்டு, இறந்தவரின் பெயருக்கு முன்னால் மட்டும் "காலஞ்சென்ற" போட்டால் குழப்பமே இல்லை. பேரப்பிள்ளைகளின் அஞ்சலியில் தலைப்பை "எங்கள் பாட்டி" என்று அச்சகம் தானாகப் போட்டுவிடும். மகளின் பிள்ளைகளுக்கு அவர் அம்மம்மா, மகனின் பிள்ளைகளுக்கு அப்பம்மா. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனித் தலைப்பு வேண்டுமென்று கேட்டால் செய்து தருவார்கள்.

இனி எழுத்துரு. அச்சகங்கள் பலவற்றில் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருதான். நீங்கள் கைப்பேசியில் யூனிகோட்டில் அடித்து அனுப்புவதை அவர்கள் பாமினிக்கு மாற்றுவார்கள். அந்த இடத்தில்தான் ஸ்ரீ, க்ஷ போன்ற எழுத்துகள் உடையும். பாமினியில் கொம்பு தனி எழுத்து. அதனால் வரி முடிவில் கொம்பு மேல் வரியிலும் அதற்குரிய மெய் கீழ் வரியிலும் விழுந்து கிடக்கும். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ எழுதியது அந்த எழுத்துருவுக்குள் அகப்பட்டால் புரியாத தமிழ் எழுத்துக் குவியலாக வரும். வேற்றுமொழி அஞ்சலிகளைத் தனிக் கோப்பாகக் கொடுத்து, தனிப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.

திருமுறைப் பகுதி ஆயத்தமாக இருக்கும், விரைவாக முடியும். ஆனால் பிழைகளும் மலருக்கு மலர் அப்படியே போகும். சிவபுராணத்தில் அடிகளை எண்ணிப் பாருங்கள், 95 இருக்க வேண்டும். முதல் அடியில் "வாஅழ்க" என்ற அளபெடையை யாரோ "திருத்தி" வைத்திருந்தால், அந்தக் கோப்பு முழுவதையும் சந்தேகப்படலாம்.

படத்துக்கு வருவோம். சட்டத்துக்குள் இருக்கும் படத்தைக் கண்ணாடியோடு கைப்பேசியில் எடுத்து அனுப்பாதீர்கள். வெளிச்சம் நெற்றியிலேயே விழும். படத்தைக் கழற்றி ஸ்கான் செய்யுங்கள். 35 மி.மீ. அகலமான கடவுச்சீட்டுப் படத்தை அட்டையில் 10 செ.மீ. அகலத்துக்குப் பெருப்பிக்க 300 டிபிஐ காணாது, 900 வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், ஆவணமாக அனுப்புங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் "துப்புரவாக்கி" தருகிறார்கள். சுருக்கம், மச்சம், மூக்குத்தி எல்லாம் போய், நிறமும் வெளுத்து, வேறு யாரோ ஒரு மனுசி சிரித்துக்கொண்டிருப்பார். கீறலையும் பூஞ்சணத்தையும் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பின்னணியில் முகிலும் ஒளிவட்டமும் வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லாவிட்டால் வந்துவிடும். பொட்டோடு இருக்கும் படமா, கணவர் போன பிறகு எடுத்ததா என்பதைப் பிள்ளைகள் முதலிலேயே கூடிக் கதைத்து முடிவெடுங்கள். அட்டை அடித்த பிறகு அதில் சண்டை வந்தால் பணமும் போகும்.

கடதாசியில் வீண்செலவு செய்ய வேண்டியதில்லை. உள்ளே 80 கிராம் (சதுர மீற்றருக்கு) கடதாசி, அட்டைக்கு 250 கிராம் ஆர்ட் போர்ட், மேலே மங்கல் லமினேசன்.  கம்பி அடித்துக் கட்டுவதால் பக்க எண்ணிக்கை நாலால் பிரிபட வேண்டும். 45 பக்கம் வந்தால் 48 ஆக்குவார்கள், மிச்ச மூன்றையும் ஏதாவது ஒரு பாமாலையால் நிரப்புவார்கள். அந்த மூன்று பக்கத்தைப் பழைய குடும்பப் படங்களுக்கு நீங்கள் முதலே பிடித்துவையுங்கள். வண்ணப் பக்கங்களை நடுவில் சேர்த்து வைத்தால் செலவு குறையும்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் நிறையையும் பாருங்கள். மேலே சொன்ன கடதாசியில் 48 பக்க ஏ5 மலர் ஒன்று 75 கிராம், 100 மலர் 7.5 கிலோ. உள்ளேயும் 130 கிராம் ஆர்ட் கடதாசி போட்டால் அதே 100 மலர் 11 கிலோவைத் தாண்டும்.

நாள் கணக்கில் அச்சகத்தின் சொல்லை அப்படியே எடுக்க வேண்டாம். எழுத்தும் படமும் 18ஆம் நாளுக்குள் போனால்தான் இரண்டு தரம் புரூவ் (பிழைதிருத்தப் பிரதி) பார்க்க நேரம் கிடைக்கும். திருத்தம் சொல்ல ஒருவர் மட்டும்; ஐந்து நாட்டிலிருந்து ஐந்து பிள்ளைகள் தனித்தனியே தட்டச்சாளருக்கு அனுப்பினால் ஒருவர் திருத்தியதை மற்றவர் பழையபடி ஆக்குவார். கடைசிப் புரூவைக் கடதாசியில் வாங்குங்கள், கைப்பேசித் திரையில் விடுபட்ட புள்ளி தெரியாது. ஒருவர் பெயர்களை மட்டும், வேறொன்றும் பார்க்காமல், முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும்.

பணம் முழுவதையும் கட்ட முதல் அச்சுக்குப் போன பிடிஎஃப் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அச்சகத்துக் கணினி பழுதானால் அதுவும் போய்விடும். கொடுத்த மூலப் படங்களை எண்ணித் திரும்ப எடுங்கள், நாட்பட்டால் அவை தவறிப்போகும். மிஞ்சும் பிரதிகளில் ஒன்று ஊர் வாசிகசாலைக்கு, ஒன்று 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்கு. அங்கே நினைவு மலர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு.