«சான்றிதழ் முடிஞ்சுது, மெஷினுக்கு மெஷின் காசு» என்று கேட்டால் முதலில் இதைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் பில்லிங் மென்பொருள் வாங்கிய கடைகளில் நடக்கிற வேலை இது. எங்கள் கையிலும் நடந்தது. விற்றவரின் பெயர் வேண்டாம், செய்த விதம் தெரிந்தால் போதும்.

மென்பொருளின் கையொப்பச் சான்றிதழ், அதாவது கோப்பை யார் வெளியிட்டார், இடையில் மாறவில்லை என்று விண்டோஸுக்குக் காட்டும் சான்றிதழ், காலாவதியானது. சில நாள் பூட்டியிருந்த கிளையைத் திறந்தபோது, முன்னரே வெளியிட்ட அப்டேட்டை அங்கிருந்த மெஷின்கள் இறக்கின, ஆனால் நிறுவவில்லை. பழைய பதிப்பு வழமைபோல ஓடியதால் ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டால், «அண்ணை, சான்றிதழ் முடிஞ்சால் அப்பிடித்தான். ஒவ்வொரு மெஷினுக்கும் வந்து போடவேணும்» என்று பதில். அதற்குத் தனிக் காசு.

அது உண்மையில்லை. கையொப்பமிடும்போதே நேரமுத்திரையும் (எப்போது கையொப்பமிட்டது என்று ஒரு வெளிச் சேவை தரும் பதிவு) வாங்கியிருந்தால், சான்றிதழ் முடிந்த பிறகும் அந்தக் கோப்பு செல்லும். கையொப்பமிட்ட நாளில் சான்றிதழ் உயிரோடு இருந்ததற்கு அதுதான் சாட்சி. மென்பொருள் செய்தவர் கையொப்பமிடும் மைக்ரோசாஃப்ட் கருவியான சைன்டூலில் /டிஆர் என்று ஆர்எஃப்சி 3161 நியமப்படியான நேரமுத்திரை சேவையின் முகவரியையும், அதன் பின்னால் /டிடி ஷா256 என்பதையும் சேர்ப்பதுதான் முழு வேலை. முகவரியை விட்டுவிட்டாலும் சைன்டூல் கையொப்பமிட்டு முடித்துவிடும், அதனால்தான் பிழை மறைந்து கிடக்கிறது.

நீங்களே பார்க்கலாம். இன்ஸ்டாலரில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். டைம்ஸ்டாம்ப் (நேரமுத்திரை) என்ற நெடுவரிசையில் திகதி இருக்கவேண்டும். எங்களுக்குத் தந்த கோப்பில் அங்கே «நாட் அவைலபிள்» என்றிருந்தது.

அடுத்த அடி புதிய சான்றிதழில் விழுந்தது. அதை வேறு பெயரில் எடுத்திருந்தார்கள். மென்பொருளுக்குள் இருந்து அப்டேட்டை இறக்கி நிறுவும் எலெக்ட்ரான் அப்டேட்டர், நிறுவியிருக்கும் பதிப்பில் பதிந்த வெளியீட்டாளர் பெயரோடு புதிய கோப்பின் பெயரை ஒப்பிடும், பொருந்தாவிட்டால் தள்ளிவிடும். பெயர் மாறப்போகிறது என்றால், பழைய சான்றிதழ் முடியுமுன் அதனாலேயே கையொப்பமிட்டு, இரண்டு பெயரும் பதிந்த ஒரு இடைப்பதிப்பை வெளியிடவேண்டும். எல்லா மெஷினும் அதை எடுத்த பிறகே புதியதுக்கு மாறலாம். இதைத் தவறவிட்டால் ஒரு தடவை கையால் போடத்தான் வேண்டும், ஆனால் அந்தச் செலவு விற்றவருடையது.

மெஷினின் திகதியைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னால் செய்யாதீர்கள், பற்றுச்சீட்டுத் திகதிகள் எல்லாம் குழம்பும். மின்னஞ்சலில் பிஎஃப்எக்ஸ் கோப்பு (சான்றிதழும் அதன் தனித்திறவுகோலும், அதாவது கையொப்பமிடும் இரகசியத் திறவுகோலும், அடங்கியது) அனுப்பி, அதை விண்டோஸ் முழுதாக நம்பும் சான்றிதழ்கள் இருக்கும் «டிரஸ்டட் ரூட்» பகுதியில் போடச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். 2023 ஜூன் 1 முதல் பொதுவாக நம்பப்படும் கையொப்பச் சான்றிதழின் தனித்திறவுகோல் பாதுகாப்பான வன்பொருளில்தான் இருக்கவேண்டும். அப்படி வருவது பெரும்பாலும் அவர்கள் வீட்டிலேயே செய்த சான்றிதழ். அந்தத் திறவுகோலை வைத்திருப்பவர் கையொப்பமிடும் எதையும் உங்கள் மெஷின் நம்பும்.

2026 மார்ச் 1 முதல் வழங்கப்படும் சான்றிதழ்களுக்கு உச்சகாலம் 460 நாள், முன்னர் 39 மாதம். இனி இந்தச் சாட்டு அடிக்கடி வரும். கடைசித் தவணைக் காசைக் கொடுக்குமுன் இன்ஸ்டாலரை வாங்கி அந்த டைம்ஸ்டாம்ப் நெடுவரிசையைப் பாருங்கள்.