மெத்தையை இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறோம் என்று போன் வந்தால்

ஜவுளிக்கடையிலோ பொருட்காட்சியிலோ பரிசுக் கூப்பன் எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கும் இந்த போன் வரக்கூடும். "உங்கள் நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து ஒரு மெத்தை, ஒரு சோபா இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறோம். நீங்கள் எதுவும் வாங்க வேண்டியதில்லை" என்பார்கள். மதுரையில் எங்கள் வீட்டுக்கும் இப்படித்தான் வந்தார்கள். போகும்போது 46,000 ரூபாய்க்கு ஒரு வேக்குவம் கிளீனரை விற்றுவிட்டுப் போனார்கள். இப்போது எங்கள் தெருவில் வேறு சில வீடுகளுக்கும் இதே போன் வருகிறது என்று கேள்விப்பட்டதால் விவரமாக எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வேறொருவர் வந்தாலும் செய்யும் முறை இதேதான் என்பதால், அந்த முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வந்தது இரண்டு இளைஞர்கள். டை கட்டி, பெரிய பெட்டியோடு, மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். உட்கார்ந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் யாருக்காவது வீசிங், அடுக்குத் தும்மல், தோல் அரிப்பு இருக்கிறதா அம்மா?" என்பது. என் அம்மாவுக்குப் பல வருஷமாக வீசிங் உண்டு. இன்ஹேலர் எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். அதைச் சொன்னதுமே விற்பனை பாதி முடிந்துவிட்டது என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் டெமோ. மெஷினின் வாயில் வட்டமான கருப்புத் துணியை வைத்து, மெத்தையில் ஓர் அடி இடத்தில் ஓட்டினார்கள். துணியில் வெள்ளையாகத் தூள் படிந்தது. துணியை மாற்றி அதே இடத்தில் மறுபடி ஓட்டினால் மறுபடியும் தூள். ஒவ்வொரு துணியையும் தரையில் வரிசையாக அடுக்கி வைத்தார்கள். தான் தினமும் படுக்கும் மெத்தையிலிருந்து அவ்வளவு வந்ததைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார்.

அவர்கள் ஓட்டியது போடிநாயக்கனூர் பக்கத்திலிருந்து வந்த இலவம்பஞ்சு மெத்தை. இலவம்பஞ்சின் இழை குட்டையானது, எளிதில் நொறுங்குவது. வருஷக்கணக்காகப் படுத்துப் புரண்ட மெத்தையில் பஞ்சு தூளாகி, துணியின் நெசவு வழியாக வெளியே வந்துகொண்டேதான் இருக்கும். எத்தனை முறை உறிஞ்சினாலும் கருப்புத் துணி வெள்ளையாகும். 5,000 ரூபாய் மெஷினில் கருப்புத் துணியைக் கட்டி ஓட்டினாலும் இதே காட்சியைக் காட்டலாம். மெஷினின் தரத்துக்கும் அந்தக் காட்சிக்கும் சம்பந்தமே இல்லை. யாராவது உங்கள் வீட்டில் இதைச் செய்து காட்டினால், பஞ்சு மெத்தையில் வேண்டாம், சிமெண்ட் தரையில் கோலப்பொடியைக் கொட்டி எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

அடுத்து ஓர் ஆல்பத்தைத் திறந்து தூசிப்பூச்சியின் பெரிதாக்கிய படங்களைக் காட்டினார்கள். "இதுதான் அம்மாவின் நுரையீரலுக்குள் போகிறது" என்றார்களாம். தூசிப்பூச்சி என்பது உண்மைதான். மில்லிமீட்டரில் கால் பங்கு அளவு இருக்கும், நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழும், அதன் கழிவு பலருக்கு அலர்ஜியைத் தூண்டும். ஆனால் உயிரோடிருக்கும் பூச்சி மெத்தையின் இழைகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கும். மேலாக உறிஞ்சினால் அது முழுதாகப் போய்விடாது. அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் பிறகு கேட்டோம். மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமான நெசவுள்ள ஜிப் உறை போடுங்கள், விரிப்புகளை வாரம் ஒருமுறை நல்ல சூடான தண்ணீரில் துவையுங்கள், அறையில் ஈரம் தங்க விடாதீர்கள் என்றார். இதற்கு ஆன செலவு 46,000 ரூபாயின் பக்கத்தில்கூட வரவில்லை. நோயாளி இருக்கும் வீட்டில் நோயைக் காட்டிப் பயமுறுத்தி விற்பதுதான் எனக்கு இதில் ஆறாத கோபம்.

விலையை 72,000 என்றுதான் ஆரம்பித்தார்கள். அப்பா தயங்கியதும் ஒருவர் "மேனேஜரிடம்" போனில் பேசினார், விலை இறங்கியது. இன்னொரு போன், இன்னும் இறங்கியது. "இந்த விலை இன்று மட்டும்தான் சார், நாங்கள் கிளம்பிவிட்டால் தர முடியாது." வீட்டிலிருந்த பழைய வேக்குவம் கிளீனரை எக்ஸ்சேஞ்ச் என்று எடுத்துக்கொண்டார்கள். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின். கொஞ்சம் கையில் பணம், மீதி கார்டில் இஎம்ஐ. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மனைவியின் மூச்சுத் திணறலைப் பார்த்துக்கொண்டே வாழும் ஒரு மனிதரின் முன்னால் இதைக் காட்டினால் அவர் வேறென்ன செய்வார்?

இங்கே ஒரு சட்ட விவரம். வீடு தேடி வந்து விற்பவர்களுக்கென்று 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் இருக்கின்றன. அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டி நேரம் கேட்டு ஒப்புதல் வாங்காமலும் நேரடி விற்பனையாளர் வீட்டுக்கு வரக் கூடாது. அட்டையை வாங்கிப் பார்த்து, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முறையாக வருபவர் அதற்குத் தடை சொல்ல மாட்டார்.

முதல் வருஷம் மெஷின் ஓடியது. பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக நின்றது. அரை மணி கழித்துப் போட்டால் மறுபடி ஓடியது. கொஞ்ச நாளில் மோட்டார் பக்கம் தீய்ந்த வாடை, அப்புறம் சுத்தமாக நின்றுவிட்டது. டெமோவில் "அஞ்சு வருஷ வாரண்டி சார்" என்று சொல்லியிருந்தார்கள். அட்டையில் இருந்தது மோட்டாருக்கு ஒரு வருஷம், மற்றவற்றுக்கு ஆறு மாதம். பில்லில் நிறுவனத்தின் பெயரே இல்லை, ஏதோ ஒரு டிஸ்ட்ரிபியூட்டரின் பெயர். அந்த முகவரியில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில், "மதுரையில் எங்களுக்கு இப்போது ஆள் இல்லை, உங்கள் செலவில் சென்னைக்கு அனுப்புங்கள்" என்றார்கள்.

தொடர்ந்து பேசியதில் ஒரு சர்வீஸ்காரர் வந்தார். மெஷினைத் திறக்கவே இல்லை. சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, "மோட்டார் எரிந்துவிட்டது, புதுசு 9,500 ரூபாய், ஹோஸும் கிழிந்திருக்கிறது, அது தனி" என்றார். முதல் வருஷம் முடியும்போது வாங்கிய ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத் தாளை நீட்டினோம். பின்பக்கம் பொடி எழுத்தில், மோட்டார், ஹோஸ், பிரஷ், ஃபில்டர், பிளாஸ்டிக் பாகம் எதுவும் சேராது என்று இருந்தது. வேக்குவம் கிளீனரில் இவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒயரும் சுவிட்சும்தான். அந்த ஏஎம்சிக்கு 3,500 ரூபாய் வாங்கியிருந்தார்கள்.

கடைசியில் அப்பா அதை எங்கள் பகுதியில் மிக்ஸி ரிப்பேர் செய்பவரிடம் தூக்கிக்கொண்டு போனார். ஒயரோடு கூடிய பெரும்பாலான வேக்குவம் கிளீனர்களில் இருப்பது மிக்ஸியில் இருக்கும் அதே வகை மோட்டார். உள்ளே இரண்டு கார்பன் பிரஷ் உண்டு. அவை தேய்வதற்கென்றே இருப்பவை, தேய்ந்தால் மாற்ற வேண்டும். அவர் எங்கள் கண் முன்னாலேயே கழற்றிக் காட்டினார். பிரஷ் முழுக்கத் தேய்ந்திருந்தது, மோட்டார் வைண்டிங், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று, நன்றாக இருந்தது. உள் ஃபில்டர் விபூதியும் கோலப்பொடியும் சேர்ந்து சுண்ணாம்பு பூசியதுபோல் அடைத்திருந்தது. காற்று போக வழியில்லாமல் மோட்டார் சூடாகி, உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்தியிருக்கிறது. முதலில் தானாக நின்று நின்று ஓடியதற்கு அதுதான் காரணம். அந்த ஃபில்டரைக் கழற்றித் தட்ட வேண்டும் என்று விற்றவர்களும் சொல்லவில்லை, ஏஎம்சி பணம் வாங்கியவர்களும் ஒருமுறைகூட வந்து செய்யவில்லை. கார்பன் பிரஷ், கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய். மோட்டார் ஓடுகிறது. ஆனால் ஹோஸ் கிடைக்கவில்லை. அதன் முனை அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம், வேறு எதுவும் பொருந்தாது. ஹோஸ் இல்லாத வேக்குவம் கிளீனரை வைத்து என்ன செய்வது? பரணில் கிடக்கிறது.

இதைச் சொன்னால் எல்லோரும் கேட்பது, "சரி, எந்த பிராண்டை நம்பி வாங்கலாம்?" என்றுதான். பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள் என்பதே என் பதில். ரோபோ வேக்குவம் கிளீனர் செய்துவந்த அமெரிக்காவின் நீட்டோ நிறுவனம் 2023இல் மூடப்பட்டது. 2002 முதல் ரூம்பா என்ற ரோபோ வேக்குவம் கிளீனரை விற்றுவந்த ஐரோபாட் நிறுவனமே 2025 டிசம்பரில் திவால் நடவடிக்கைக்குப் போனது. உலகம் அறிந்த பெயர்களுக்கே இந்த நிலை என்றால், ஆன்லைனில் நேற்று முளைத்த பெயரை எதை வைத்து நம்புவது? உங்கள் ஊரில், அந்த மாடலுக்கு, ஹோஸும் ஃபில்டரும் பிரஷும் இன்றைக்குக் கடையில் இருக்கிறதா, என்ன விலை? இதுதான் முதலில் கேட்க வேண்டியது. பணம் கட்டுவதற்கு முன்பே சர்வீஸ் சென்டருக்கு நேரில் போய்க் கேளுங்கள். அங்கே பழுது பார்க்க வந்து உட்கார்ந்திருப்பவர்களிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர்கள் சொல்வது எந்த விளம்பரத்திலும் வராது. மூன்று நான்கு வருஷமாக ஒரே மாடலை மாற்றாமல் விற்கும் நிறுவனம் என்றால் பாகம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒயர் இல்லாத ஸ்டிக் வகை வாங்குவதாக இருந்தால் பேட்டரியின் விலையைத் தனியாகக் கேட்டு, அதை நாமே கழற்றி மாட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். பேட்டரி ஒருநாள் சோர்ந்துபோவது நிச்சயம்.

வாட்ஸ் பெரிதாக இருந்தால் மெஷின் நல்லது என்று கடையில் சொல்வார்கள். வாட்ஸ் என்பது அது கரண்ட் எவ்வளவு எடுக்கும் என்ற கணக்கு, எவ்வளவு உறிஞ்சும் என்பதல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வேக்குவம் கிளீனர்களுக்கு 1,600 வாட்ஸுக்குக் கீழ் என்றும், 2017இல் 900 வாட்ஸ் என்றும் உச்சவரம்பு வைத்தது. அங்கே வீடுகளைச் சுத்தம் செய்வது நின்றுவிடவில்லை. ஃபில்டரிலும் கவனம் வேண்டும். உண்மையான ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். பெட்டியில் "ஹெப்பா டைப்" என்று போட்டிருந்தால் அது அந்தத் தரத்துக்கு எந்த உறுதியும் தருவதில்லை. வீசிங் உள்ள வீட்டில் இந்த வித்தியாசம் பெரியது. தண்ணீர் ஊற்றும் வகையை வாங்கினால், ஒவ்வொரு முறையும் அழுக்குத் தண்ணீரைக் கொட்டிக் கழுவிக் காய வைக்க வயதானவர்களால் முடியுமா என்பதையும் யோசியுங்கள். இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

பெட்டியின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, புகார் எண் ஆகியவை இருந்தே ஆக வேண்டும். அதைப் படம் எடுத்து வையுங்கள். சர்வீஸுக்குக் கூப்பிடும்போது அந்த எண்ணுக்கு மட்டுமே கூப்பிடுங்கள். இணையத்தில் தேடினால் முதலில் வரும் "கஸ்டமர் கேர்" எண் மோசடிக்காரனுடையதாக இருக்கலாம். ஏதாவது ஆப் போடச் சொல்லி, பத்து ரூபாய் அனுப்பச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

எங்கள் வழக்குக்கு வருகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவு செய்தோம். நிறுவனம், "விற்றது டிஸ்ட்ரிபியூட்டர், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று பதில் அனுப்பியது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் புகாருக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தயாரித்த நிறுவனம், விற்ற டிஸ்ட்ரிபியூட்டர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்கிறோம். பில், ஏஎம்சி தாள், கார்டு ஸ்டேட்மெண்ட், சர்வீஸ்காரர் எழுதிக் கொடுத்த 9,500 ரூபாய் மதிப்பீடு, மிக்ஸி கடைக்காரரின் 450 ரூபாய் ரசீது, தேய்ந்த கார்பன் பிரஷ் இரண்டு என எல்லாம் ஒரே கவரில் இருக்கின்றன.

ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் பலர் இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் யாருக்காவது பரிசுக் கூப்பன், கருப்புத் துணி, "இன்று மட்டும்" விலை என்று இதே கதை நடந்திருந்தால், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். எனக்குத் தகவல் அனுப்புங்கள், பேசலாம்.