ஃபேமிலி கவுன்சலரிடம் தனியாகச் சொன்னது என் விவாகரத்து வழக்கில் வந்து நின்றது

கணவன் மனைவி பிரச்சினைக்கு கவுன்சலிங் போகலாம் என்று யோசிக்கிறவர்கள், அதிலும் சொந்தக்காரர்கள் "நமக்குத் தெரிஞ்சவர்தான்" என்று யாரையாவது கைகாட்டினால், அங்கே போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு கோயம்புத்தூரில் நடந்தது. நான் ஒரு கவுன்சலரிடம் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு சொன்ன விஷயம் என் மனைவி தரப்பு போட்ட விவாகரத்து மனுவோடு இணைப்பாக வந்தது, அந்த ஆளின் லெட்டர்பேடில், கையெழுத்தும் சீலும் போட்டு.

எங்களுக்குள் சண்டை இருந்தது உண்மை. வீட்டுக்கு வீடு இருக்கிற சண்டைதான், கொஞ்சம் முற்றிவிட்டது. மாமனார்தான் இந்தக் கவுன்சலரைப் பிடித்து வந்தார், அவரோடு காலையில் வாக்கிங் போகிற ஒருவருக்குப் பழக்கமாம். ஃபீஸும் மாமனாரே கட்டினார். பேக்கேஜ் 15,000 ரூபாய், ஜிபேயில் முன்பணமாகவே, ரசீது கிடையாது. எங்கள் இரண்டு பேரிடமும் எந்தப் படிவத்திலும் கையெழுத்து வாங்கவில்லை. மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் அறை, வாசல் போர்டில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்'. காத்திருக்கும் நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த ஃபிரேம்களைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று 2 நாள் ஹிப்னோதெரபி பயிற்சிக்கு, இன்னொன்று கையெழுத்தை வைத்துக் குணம் சொல்லும் படிப்புக்கு, நடுவில் பெரிதாக, சிவப்பு ரிப்பன் ஒட்டிய ஒரு கவுரவ டாக்டர் பட்டம். போர்டில் இருந்த டாக்டர் அதுதான்.

முதலில் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினார், அப்புறம் தனித்தனியாக. "தம்பி, இங்க பேசுறது இந்த நாலு சுவத்தத் தாண்டாது, மனசுல இருக்கறதக் கொட்டிருங்க" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் வேலை போய், தூக்கமே இல்லாமல் கிடந்து, ஒரு மனநல மருத்துவரிடம் சில மாதம் மாத்திரை எடுத்தேன், அவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தியும் விட்டார். இதை மனைவியிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று கேட்பதற்காகத்தான் அங்கே அந்தப் பேச்சை எடுத்தேன். அன்றைக்கு ராத்திரியே மாமியார் போன். "ஏனுங் மாப்பிள்ளை, நீங்க ஏதோ பைத்தியத்துக்கு மாத்திரை சாப்பிட்டீங்களாமா?"

மறுநாள் அந்த ஆளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கொஞ்சமும் தயங்கவில்லை. "பெரியவங்க கேட்டாங்க தம்பி, ஃபீஸ் கட்டறது அவங்கதானே. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்." பணம் யார் கட்டினாலும் எதிரில் உட்கார்ந்து பேசுகிற இரண்டு பேருக்குத்தான் கவுன்சலர் கடமைப்பட்டவர். மாமனார் அங்கே யாருமே இல்லை. ஒருவர் தனியாகச் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோக வேண்டுமென்றால் சொன்னவரின் ஒப்புதல் வேண்டும், அதுவும் எழுத்தில். அமெரிக்காவில் திருமண, குடும்ப தெரபிஸ்ட் என்பது உரிமம் வாங்கிச் செய்கிற தொழில், கலிஃபோர்னியாவில் 1963லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கே அந்தத் தொழிலுக்கான ஒழுங்கு விதிகளில் இதெல்லாம் தெளிவாகவே எழுதியிருக்கிறது. தம்பதியாக வந்தவர்களில் ஒருத்தர் மட்டும் சம்மதித்து ரெக்கார்டைக் கேட்டால்கூடக் கொடுக்க முடியாது. நம் ஊரில் 'மேரேஜ் கவுன்சலர்' என்று போர்டு வைக்க ஒரு உரிமமும் வேண்டியதில்லை, நாளைக்கு நான் வைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, இதோடு போயிருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். சில மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. மனுவில் ஒரு காரணம், எனக்கு மனக்கோளாறு. இந்து திருமணச் சட்டம் 13(1)(iii). அதற்கு ஆதாரமாக இவருடைய சான்றிதழ்: மேற்படி நபருக்கு 'பெர்சனாலிட்டி டிஸார்டர்' இருக்கிறது, இல்லறத்துக்கு ஏற்றவர் அல்ல. எனக்கு ஒரு டெஸ்ட்கூட அவர் வைத்தது கிடையாது. காபி கொடுத்தார், பேசினார், அவ்வளவுதான். சேர்த்து வைக்கிறேன் என்று கூப்பிட்டு உட்கார வைத்த ஆளே பிரிப்பதற்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதிக் கொடுப்பது உலகத்தில் எந்த ஊர் கவுன்சலிங் விதியில் இருக்கிறது என்று தெரியவில்லை.

என் வக்கீலம்மா அந்தக் காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கேட்ட முதல் கேள்வி, "இவரோட ஆர்.சி.ஐ. நம்பர் எங்க?" ஆர்.சி.ஐ. என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில், 1992 சட்டப்படி வந்தது. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்ய அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், அதற்குத்தான் சி.ஆர்.ஆர். எண். பதிவு இல்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (1,000 ரூபாய்! இவருடைய பேக்கேஜில் பதினைந்தில் ஒரு பங்கு.) இவர் பெயர் பதிவேட்டில் இல்லை. வெறும் கவுன்சலர் என்ற பெயரில் பேசிக்கொண்டிருந்தவரை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவருவது கஷ்டம், ஆனால் நோயின் பெயரை எழுதி சீல் குத்தியதும் கதை வேறு என்றார் வக்கீலம்மா.

"பதிவே இல்லாத ஆளின் சான்றிதழை கோர்ட் எப்படிங்க ஏத்துக்கும்" என்று கேட்டேன். இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம் 1984, பிரிவு 14: சாட்சியச் சட்டப்படி செல்லுமோ செல்லாதோ, வழக்கைத் தீர்க்க உதவும் என்று நீதிமன்றம் நினைத்தால் எந்த அறிக்கையையும் ஆவணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். வக்கீலிடம் நாம் சொல்வதற்கு சாட்சியச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு, தனியார் கவுன்சலரிடம் சொல்வதற்கு அப்படி ஒன்று கிடையாது. 2017ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23வது பிரிவு ரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது, ஆனால் அது மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவருக்கானது. மாமியார் மருமகள் தகராறு, பணத் தகராறு என்று கவுன்சலிங் போகிற தம்பதிக்கு அது பொருந்துமா என்பதே வாதத்துக்குரியது. கடைசியில் நமக்குக் கையில் இருப்பது அந்த ஆளின் நாணயமும், நாம் முன்கூட்டி எழுதி வாங்கியிருக்கிற காகிதமும்தான்.

ஒரே ஆறுதல், வாங்கிக்கொள்வது வேறு, நம்புவது வேறு. மாத்திரை சாப்பிட்டார் என்பதை மட்டும் வைத்து விவாகரத்து கிடைக்காது. சேர்ந்து வாழவே முடியாத அளவுக்குக் கோளாறு இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும், 1988லேயே உச்ச நீதிமன்றம் ராம் நாராயண் குப்தா வழக்கில் இதைச் சொல்லியிருக்கிறது. மனநல மருத்துவரிடம் போனதை மறைத்து வைத்துக்கொண்டு பயந்து கிடக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒரு பத்தியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு போன பிறகு குடும்ப நல நீதிமன்றத்திலேயே இருக்கிற கவுன்சலரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா உட்கார்ந்ததும் சொன்னது, இங்கே பேசுவதை நான் கோர்ட்டில் சொல்ல மாட்டேன், சமரசம் ஆச்சா இல்லையா என்று மட்டும்தான் எழுதுவேன் என்று. பழைய மர மேஜை, மின்விசிறி கடகடவென்று ஓடும், வெளியே வராண்டாவில் ஒரே கூட்டம். ஏசி அறையில் கிடைக்காத மரியாதை அங்கே கிடைத்தது.

நடந்ததை எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் பெயர் போடாமல் எழுதினேன். ஒரு அக்கா தனியாகக் கூப்பிட்டு, மெடிக்கல் ஷாப் மாடியா என்று கேட்டார். அதே ஆள். அந்த அக்காவை வீட்டுக்காரர் அடிப்பார். இந்த மனுஷன் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, "அவர் கை ஓங்கற அளவுக்கு நீ என்னம்மா பேசுன?" என்று கேட்டிருக்கிறார். கவுன்சலரிடம் போட்டுக் கொடுத்ததற்கு வீட்டுக்கு வந்து தனி அடி. குடும்ப வன்முறைச் சட்டத்தில் கோர்ட் அனுப்பும் கவுன்சலிங்குக்கு 2006 விதிகளில் நேரடியாகவே எழுதியிருக்கிறது: அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்த்தரப்பை அனுமதிக்கக் கூடாது, இனி அடிக்க மாட்டேன் என்று உறுதி வாங்க வேண்டும், வழக்கில் சம்பந்தமோ தரப்பினரோடு உறவோ உள்ளவர் கவுன்சலராக இருக்கக் கூடாது. தனியாருக்கு இந்த விதி இல்லை என்று சொல்லலாம், ஆனால் இந்த அளவு அறிவுகூட இல்லாமல் எதற்கு அந்த நாற்காலி? அடி விழுகிற வீடாக இருந்தால் சேர்ந்து உட்காருகிற கவுன்சலிங்குக்குப் போகவே போகாதீர்கள், பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போடுங்கள்.

இனி போகிறவர்கள் முதல் நாளே கேளுங்கள். என்ன படிப்பு, எந்தப் பதிவு, எண் என்ன. நான் தனியாகச் சொல்வதை என் துணையிடம் சொல்வீர்களா, நாளைக்கு வழக்கு வந்தால் என்ன செய்வீர்கள், குறிப்பு எழுதுவீர்களா, போனில் பதிவு செய்வீர்களா. நல்ல ஆள் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார், அவரே முந்திக்கொண்டு சொல்வார். எதையெல்லாம் மறைக்க முடியாது என்றும் சொல்வார்: யார் உயிருக்காவது ஆபத்து என்றால், கோர்ட் உத்தரவு வந்தால், குழந்தையை யாராவது பாலியல் தொந்தரவு செய்தது தெரிந்தால். கடைசியாகச் சொன்னதில் போக்ஸோ சட்டம் 19வது பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், அது அவருடைய கடமை. "எதுவுமே வெளிய போகாது" என்று நாலு சுவர் கதை சொல்கிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஃபீஸை உங்கள் கையால் கட்டுங்கள், பில் வாங்குங்கள்.

பில் எதற்கென்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு. கட்டணம் வாங்கிச் செய்கிற சேவை இது, சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் புகார் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். என்னிடம் பில் இல்லை, மாமனார் ஜிபேயில் கட்டிய பணம் என்பதால் நான்தான் அந்தச் சேவையைப் பெற்றவன் என்று வாட்ஸ்அப் மெசேஜ்களை வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. என் பெயருக்கு அவர் அனுப்பிய அப்பாயின்ட்மென்ட் மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருந்தது இப்போது உதவுகிறது.

சான்றிதழுக்கு எங்கள் தரப்பில் ஆட்சேபம் போட்டாயிற்று, அந்த ஆளையே சாட்சியாகக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்ய வக்கீலம்மா மனு கொடுத்திருக்கிறார், இரண்டு வாய்தா தள்ளிப் போய்விட்டது. பெயர் கேட்டு இன்பாக்ஸில் வராதீர்கள், வழக்கு முடியும் வரை சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் சி.ஆர்.ஆர். எண்ணைக் கேட்டு ஆர்.சி.ஐ. தளத்தில் போட்டுப் பாருங்கள், அதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.