நடுவர் மன்றமா, சிவில் கோர்ட்டா?

ஏற்காடு மலைப்பாதையில் அரசு ஒப்பந்தத்தில் தடுப்புச்சுவர் கட்டி முடித்தாயிற்று, கூடுதல் வேலைக்கான பில் மட்டும் பணம் வராமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மத்தியப் பிரதேசத்தில் இதற்கென்றே 1983-இல் சட்டம் போட்டுத் தனித் தீர்ப்பாயம் அமைத்தார்கள். சேலத்து ஒப்பந்ததாரருக்குப் பெரும்பாலும் இரண்டே வழிகள்: சிவில் கோர்ட், இல்லையென்றால் நடுவர் மன்றம், அதாவது கோர்ட்டுக்கு வெளியே ஒரு நடுவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் முறை.

சிவில் கோர்ட் என்றால் முதலில் அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ். அப்புறம் கோர்ட் கட்டணம் 3 சதவீதம். 50 லட்சம் கேட்டால் ஒன்றரை லட்சம் முன்பணமாகப் போய்விடும். கூலியும் சிமென்ட் கடனும் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் இது பெரிய சுமை.

1996 நடுவர் சட்டப்படியான நடுவர் மன்றத்துக்குப் போக ஒப்பந்தத்தில் அதற்கான விதி இருக்க வேண்டும். இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். இரு தரப்பும் 6 மாதத்தில் கோரிக்கை, பதில் என்ற எழுத்து வாதுரைகளை முடிக்க வேண்டும், அதிலிருந்து 12 மாதத்தில் தீர்ப்பு. 2015 திருத்தத்துக்குப் பிறகு, பில்லை மறுத்த துறையின் பொறியாளரே நடுவராக உட்கார முடியாது. என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய நியாயம். நடுவர் கட்டணம் உண்டு. தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்கும் போகலாம், அங்கே இழுத்தடிக்கும்.

எந்த வழியானாலும் வழக்கைத் தொடங்கக் கெடு 3 ஆண்டுதான். செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலை இன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.