என் கேமரா பையில் இருக்கும் ஏழு மெமரி கார்டுகள்

2016இல் நிக்கான் டி7200 வாங்கினேன். கேமராவுக்கும் லென்ஸுக்கும் மூன்று மாதம் விசாரித்தவன், கார்டுக்கு மூன்று நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையில் பில் போடும்போது, "அண்ணே, கார்டு ஒண்ணு சேத்துப் போட்டுரவா?" என்றான் கவுண்டரில் இருந்த பையன். "போடுப்பா" என்றேன். 32 ஜிபி, கிளாஸ் 10. மேலே பெரிய எழுத்தில் 80 என்று இருந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்று வாங்கி வந்துவிட்டேன்.

அதிலிருந்து இன்றுவரை பதினோரு கார்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று போலி. ஒன்று செத்தது. ஒன்று மண்டபத்தில் தாம்பூலப் பையோடு யார் வீட்டுக்கோ போய்விட்டது, நல்லவேளை காலி கார்டு. ஒன்றைக் கொடுத்துவிட்டேன். மிச்சம் ஏழு. நான் முழுநேரப் போட்டோகிராபர் இல்லை. வார நாளில் வேறு வேலை, முகூர்த்த நாளில் கல்யாணம், காதணி விழா. திருவிழா என்றால் யாரும் கூப்பிடாமலே கிளம்பிவிடுவேன்.

முதல் கார்டின் குறை தெரியவே ஒன்றரை வருஷம் ஆனது. கல்யாண மேடையில் யாரும் ஓடுவதில்லையே. சொந்தக்காரர் வருவார், மொய்க் கவரைக் கொடுப்பார், நிற்பார், ஒரு படம். எந்தக் கார்டும் அதற்குப் போதும்.

2018 மாட்டுப் பொங்கல், பாலமேடு ஜல்லிக்கட்டு. கேலரியில் இடம் பிடித்து, 70-300 லென்ஸை வாடிவாசலுக்கு நேராக வைத்துக் காத்திருந்தேன். காளை சீறி வந்தது, பட்டனை அமுக்கிப் பிடித்தேன். மூன்று நொடி படபடவென்று பொரிந்தது கேமரா. அப்புறம் விக்கல் எடுத்தது. ஒரு படம். நிறுத்தம். இன்னொரு படம். வீரர் ஒருவர் திமிலைப் பிடித்து மூன்று துள்ளலும் தாங்கிவிட்டார், மைக்கில் பரிசு அறிவித்துவிட்டார்கள், அடுத்த காளைக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கேமராவில் கார்டு விளக்கு இன்னும் அணையவில்லை. அவர் திமிலில் தொங்கிய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பிடிக்கப் போன படம் இருக்கிறது, புழுதி இருக்கிறது.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டி7200 நொடிக்கு 6 படம் எடுக்கும். ராவ் கோப்பு, அதாவது கேமரா மெருகேற்றாமல் அப்படியே தரும் படம், ஒன்று சுமார் 28 எம்பி. அப்படியானால் நொடிக்கு 168 எம்பி. அந்தக் கேமராவில் கார்டைச் செருகும் வழி (ஸ்லாட்) யூ.எச்.எஸ்-1 என்ற வேக வகை, அதன் உச்சமே நொடிக்கு 104 எம்பி. ஆக, எவ்வளவு விலை கொடுத்து எந்தக் கார்டைப் போட்டாலும் கேமராவின் வேகத்துக்கு ஈடு கொடுக்காது. எடுத்த படமெல்லாம் முதலில் கேமராவுக்குள் இருக்கும் பஃபரில் வரிசை கட்டி நிற்கும், பதினெட்டுப் படத்தோடு அது நிறைந்துவிடும். பந்தியில் இலை எடுக்கிற வேகத்தில்தானே அடுத்த ஆள் உட்கார முடியும்? அந்த இலை எடுக்கிற வேகம்தான் கார்டின் எழுதும் வேகம். பதினெட்டுப் படம் என்றால் சுமார் 500 எம்பி. என் கார்டு நிஜத்தில் எழுதியது நொடிக்கு 20 எம்பி சொச்சம். காலியாக 25 நொடி. காளைக்கு ஏது 25 நொடி?

சரி, மேலே போட்டிருந்த அந்த 80? அது படிக்கும் வேகம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் காப்பி போடும்போது பயன்படும், காளை முன்னால் பயன்படாது. கார்டில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் பெரும்பாலும் இதுதான். சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ 64 ஜிபி என்னிடம் இரண்டு தலைமுறை இருக்கிறது. பழையதில் 95, அதற்கு அடுத்ததில் 170. எழுதும் வேகம் என்று கம்பெனி சொல்வது இரண்டுக்குமே 90தான். அந்த 170கூட அதற்கென்றே உள்ள ரீடரில் போட்டால்தான் கிடைக்கும், சாதாரண ரீடரில் 104க்குள் அடங்கிவிடும். புதியதை வாங்கிக் கேமராவில் போட்டு எண்ணிப் பார்த்தேன், பழையதற்கும் அதற்கும் ஒரு படம்கூட வித்தியாசமில்லை.

பார்க்க வேண்டியது பொடி எழுத்தில் இருக்கும் குறியீடுகளை. சி எழுத்துக்குள் 10, யூ எழுத்துக்குள் 1, வி10 ஆகிய மூன்றும் ஒரே உத்தரவாதம்: தொடர்ந்து எழுதினாலும் நொடிக்கு 10 எம்பிக்குக் கீழே போகாது. யூவுக்குள் 3, வி30 இரண்டும் 30 எம்பி. வி60, வி90 என்றால் எண்ணே பதில். இவை குறைந்தபட்ச வேகம், அதுவும் வீடியோவை மனதில் வைத்துச் சொல்வது. படம் எடுப்பவர்கள் அந்தக் கார்டின் உச்ச எழுதும் வேகத்தையும் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். அட்டையின் பின்பக்கமோ கம்பெனி பக்கமோ, எங்காவது சொல்லியிருப்பார்கள். சொல்லவே இல்லையென்றால் அந்தக் கார்டை நான் வாங்குவதில்லை.

இவ்வளவு தெரிந்தபின் புத்தி வந்திருக்க வேண்டும். ஆசைதான் வந்தது. வேகமாகவும் வேண்டும், பெரிதாகவும் வேண்டும், விலையும் குறைய வேண்டும். ஆன்லைனில் 128 ஜிபி, பெரிய கம்பெனிப் பெயர், கடை விலையில் பாதி. விற்றவர் யாரென்றுகூடப் பார்க்காமல் வாங்கினேன். அட்டை, பளபளப்பு, எழுத்து எல்லாம் அசல் மாதிரியே. அந்த ஆவணியில் மேலூர்ப் பக்கம் ஒரு காதணி விழா. காலையிலிருந்து மத்தியானம்வரை அந்த ஒரே கார்டில் எடுத்தேன். டி7200இல் இரண்டு கார்டு போடலாம், ஆனால் முதலாவது நிறைந்தால் இரண்டாவதற்குப் போகிற மாதிரி வைத்திருந்தேன்.

வீட்டில் திறந்தால் முதல் முந்நூறு படம்வரை சுத்தம். சீர்வரிசை, தட்டு எண்ணுவது, மாலை. அதற்கப்புறம் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, கோப்பின் அளவுகூடச் சரியாக இருக்கிறது. திறந்தால் படம் இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து பிள்ளை அழுகிற படம், ஒரு காதணி விழாவுக்கு அதைவிட முக்கியமான படம் ஏது, அது அந்தக் காலிப் பெயர்களில் எங்கோ இருந்தது.

உள்ளே இருந்தது 8 ஜிபி சில்லு. 128 என்று கேமராவிடமும் கம்ப்யூட்டரிடமும் பொய் சொல்லும்படி அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் கார்டின் முன்பகுதியில் இருப்பதால் அது பத்திரமாக இருக்கும். படம் மட்டும் இல்லாத இடத்தில் எழுதப்பட்டுக் காற்றில் போகும். எழுதியதை அழித்திருந்தால் மீட்கலாம், எழுதப்படவே இல்லாததை எந்த மென்பொருள் மீட்கும்? வீடியோ எடுத்த அண்ணன் புண்ணியத்தில் அந்த நிமிடங்களை வீடியோவிலிருந்து நிறுத்தி நிறுத்திப் படமாக்கி ஆல்பத்தில் வைத்தேன். பிள்ளையின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆல்பத்தைப் புரட்டிய அம்மாச்சிதான், "ஏந்தம்பி, இந்த எடத்துல மட்டும் மங்கலா இருக்கு?" என்றார். என்ன பதில் சொன்னேன் என்று எழுத மாட்டேன்.

அதிலிருந்து எந்தக் கார்டு வாங்கினாலும், பில் உள்ள கடையில் வாங்கினாலும்கூட, முதல் வேலை சோதனை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்றொரு இலவச மென்பொருள், மேக், லினக்ஸ் என்றால் எஃப்3. கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிவு இருக்கும். 64 ஜிபி கார்டு விண்டோஸில் 59.6 என்று காட்டினால் பதற வேண்டாம், அது போலி இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆல் பெருக்கி எண்ணுகிறது, அவ்வளவுதான்.

2019இல் சோனி ஏ7 III கேமரா என் கைக்கு வந்தது, கூடவே 4கே வீடியோவும். "4கேவுக்கு வி90 இல்லாம ஆகாதுண்ணே" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்தக் கேமராவின் 4கே அதிகபட்சம் நொடிக்கு 100 மெகாபிட். பிட் வேறு, பைட் வேறு. எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். வி30 கார்டு அதைத் தூங்கிக்கொண்டே எழுதும். யூ3 கார்டு இருந்தால்தான் அந்த 100ஐ எடுக்க விடுகிறது, அதோடு சரி. வி90 காசில் நான் இரண்டு நாள் ஊட்டி போய் வந்தேன். ஒரு மணி நேர வீடியோ 45 ஜிபி பிடிக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 64 ஜிபியில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. முகூர்த்தத்துக்குத் தாராளம், மாப்பிள்ளை அழைப்பையும் அதிலேயே வைத்தால் தாலி கட்டும்போது நிறைந்து தொலைக்கும்.

ராவ் படத்துக்காக, யூ.எச்.எஸ்-1ஐவிட வேகமான யூ.எச்.எஸ்-2 வகையில் வி60 கார்டு ஒன்று வாங்கினேன். பின்னால் இரண்டு வரிசைத் தங்கக் கோடு இருக்கும், பார்த்தாலே தெரியும். மூன்று மாதம் வைத்துப் பார்த்தும் ஒரு வித்தியாசமும் இல்லை. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே கையேட்டைப் புரட்டினால், ஏ7 III-இல் ஒன்றாம் எண் வழி மட்டும்தான் அந்த வேகத்துக்கானது. அது கீழே இருப்பது. மேலே இருப்பதுதான் ஒன்று என்று நானாக முடிவு கட்டி இரண்டாவதில் போட்டுவைத்திருந்தேன். இன்னொன்றும் அப்போது புரிந்தது: இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுத வைத்தால் மெதுவான கார்டின் வேகம்தான் இரண்டுக்கும். மேலூருக்குப் பிறகு கல்யாணம், விழா எல்லாவற்றுக்கும் நான் அப்படித்தான் வைக்கிறேன், ஆகவே அந்த வி60இன் முழு வேகத்தை நான் பார்ப்பது ஜல்லிக்கட்டில் மட்டுமே.

எத்தனை ஜிபி என்பதில் என் கட்சி சிறிசு. 256 ஒன்றைவிட 64 நான்கு. ஒன்று போனாலும் மூன்று மிஞ்சும். "மாத்தி மாத்திப் போடுறப்பதான் தொலையும்" என்பார் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஸ்டுடியோ அண்ணன். அதுவும் நியாயம்தான், தாம்பூலப் பை கதை அவருக்குத் தெரியும். அதனால் கார்டுப் பர்ஸில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: காலிக் கார்டு முகம் மேலே, எடுத்து முடித்த கார்டு குப்புறப் படுக்கும். எண்களை மார்க்கரில் எழுதுவேன். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், கேமராவுக்குள் உரிந்து மாட்டிக்கொள்ளும்.

2019 சித்திரைத் திருவிழா நினைவிருக்கும். ஏப்ரல் 18 தேரோட்டம், அன்றே பாராளுமன்றத் தேர்தல், மதுரைக்கு மட்டும் ராத்திரி எட்டு மணிவரை ஓட்டுப் போட நேரம் கொடுத்தார்கள். மறுநாள் விடிகாலை அழகர் ஆற்றில் இறங்கினார். தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு நடுவே நின்று நானும் நனைந்தேன், பர்ஸும் நனைந்தது, உள்ளே இரண்டு கார்டு. துடைத்து, ஒரு நாள் பூராம் காயவிட்டுப் போட்டேன், இரண்டும் வேலை செய்தன. தண்ணீரை இந்தக் கார்டுகள் தாங்கும். தாங்காதது நம் விரல். செத்துப்போன என் கார்டு எதனால் செத்தது தெரியுமா? ஓரம் பிளந்து, தங்கக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு உடைந்து. கோணலாகச் செருகிச் செருகி நானே உடைத்தேன். இன்னொன்றில் பக்கவாட்டுப் பூட்டுப் பொத்தான் கழன்று விழுந்துவிட்டது. கார்டு பூட்டியிருக்கிறது என்று கேமரா அடம்பிடித்தது. அந்தப் பள்ளத்தின் மேல் செல்லோடேப் ஒரு துண்டு, மூன்று வருஷமாக ஓடுகிறது. முக்கியமான வேலைக்கு மட்டும் அதைத் தொடுவதில்லை.

உதவிக்கு வந்த பையன் ஒருமுறை காப்பி எடுக்காத கார்டை ஃபார்மட் செய்துவிட்டான். முகம் வெளுத்து நின்றான். அதில் ஒரு படம்கூட மேற்கொண்டு எடுக்கவில்லை, அதுதான் காப்பாற்றியது. சாதாரண ஃபார்மட் பெயர்ப் பட்டியலை மட்டுமே துடைக்கும், படம் அப்படியே கிடக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தது. மீட்டதை அதே கார்டில் சேமிக்கக் கூடாது, கம்ப்யூட்டரில் வைக்க வேண்டும். பழைய பெயர்கள் போய்விடும், படத்துக்குள் பதிந்த நேரத்தை வைத்து அடுக்கிக்கொள்ளலாம்.

முதல் கார்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். திருமங்கலத்தில் சித்தப்பாவிடம் நிக்கான் டி90 இருக்கிறது, 2008இல் வந்த மாடல். போன தீபாவளிக்கு எனது 64 ஜிபி ஒன்றைக் கொடுத்தால் கேமரா ஏற்கவில்லை. அந்தக் காலத்துக் கேமராவுக்கு 32தான் எல்லை, அதற்கு மேலே வேறு வகை. பெட்டியைத் துழாவி, பாலமேட்டில் என்னைக் கவிழ்த்த அந்த 32 ஜிபியைக் கொடுத்தேன். சித்தப்பா கொல்லையில் பூத்திருக்கும் செம்பருத்தியை ஒரு நாளைக்கு ஒரு படம் எடுப்பார், பிடித்திருந்தால் இரண்டு. போன வாரம் போனில் கூப்பிட்டார். "ஏண்டா, இந்தக் கார்டு நெறையவே நெறையாதா?"