மோ இப்ராஹிம் பரிசா, நோபலா? ஆப்பிரிக்கத் தலைவர்களுக்கு எது பொருத்தம்?

லைபீரியாவின் முன்னாள் அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃப் இரண்டையும் பெற்றவர். அவரை வைத்தே ஒப்பிடலாம்.

2011-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் கிடைத்தது, வேறு இரண்டு பெண்களுடன் பகிர்ந்து. அப்போது அவர் பதவியில் இருந்தார். அறிவிப்பு வந்த நான்காம் நாளே அதிபர் தேர்தல். பரிசு தேர்தலில் தலையிடுகிறது என்று எதிர்க்கட்சி கொதித்தது நியாயம்தான். எத்தியோப்பியப் பிரதமர் அபிய் அகமதுக்கு 2019-இல் நோபல் தந்தார்கள். அடுத்த ஆண்டே அந்நாட்டின் வடக்கிலுள்ள டிக்ரேயில் போர் மூண்டது. ஆட்சியில் இருப்பவரைப் பாராட்டுவதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

சூடானில் பிறந்த தொழிலதிபர் மோ இப்ராஹிம் தொடங்கிய பரிசு வேறு மாதிரி. ஜனநாயக முறையில் தேர்வாகி, அரசியலமைப்பு சொன்ன காலம் முடிந்ததும் இறங்கியவராக இருக்க வேண்டும்; அதுவும் கடந்த மூன்று ஆண்டுகளுக்குள். தொகை 50 லட்சம் டாலர், பத்தாண்டுகளில் பிரித்துத் தருவது. 2007-இல் மொசாம்பிக்கின் முன்னாள் அதிபர் சிசானோ முதலில் பெற்றார். தகுதியானவர் இல்லையென்றால் அந்த ஆண்டு பரிசே கிடையாது. 2009, 2010 இரண்டும் அப்படித்தான் போயின. இந்தக் கண்டிப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. சர்லீஃபுக்கு 2017-க்கான பரிசு வந்தபோது, அவர் பதவியை ஒப்படைத்திருந்தார்.

சரி, இதிலும் குறை இல்லாமல் இல்லை. நைஜரின் அதிபராக இருந்த இசூஃபு பதவிக்கால வரம்பை மதித்ததற்காகப் பெற்றார். அவருக்குப் பின் வந்தவரை 2023-இல் ராணுவம் கவிழ்த்தது. ஆனாலும் முன்னாள் தலைவர்களை எடைபோட நான் இதையே நம்புவேன்.